பிளாக் செய்வதா, மௌனமாக்குவதா?

தொல்லை அழைப்பு வந்ததும் அந்த எண்ணை பிளாக் செய்வதுதான் பலரின் பழக்கம். ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அது போதும். ஆனால் மோசடிக்காரர்கள் போலி எண்ணைக் காட்டி அழைக்கிறார்கள். அடுத்த முறை வேறு எண். சில சமயம் நாம் தடுப்பது ஒன்றும் அறியாத யாரோ ஒருவருடைய எண்ணாகவும் இருக்கும்.

இன்னொரு வழி, தெரியாத எண்களை மொத்தமாக மௌனமாக்குவது. ஐபோனில் 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் இந்த வசதி வந்தது. மணி அடிக்காது, அழைப்புப் பட்டியலில் எண் இருக்கும், வேண்டுமானால் நாமே கூப்பிடலாம். எனக்கு இதுதான் நிம்மதி. ஆனால் வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால் இதை அணைத்துவிடுங்கள். அவசரச் செய்தி தெரியாத எண்ணிலிருந்து வரலாம்.

குறுஞ்செய்திக்கு இது உதவாது. அங்கே பிளாக் செய்து ஸ்பேம் என்று புகாரளியுங்கள். லிங்க்கை மட்டும் தொடவே தொடாதீர்கள்.