பூட்டைக் கேட்காத கடை: ஸ்ரான்லி வீதிக் கைத்தொலைபேசித் திருத்தகம்

யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடி மாற்ற எவ்வளவு, பற்றரிக்கு எவ்வளவு என்று விசாரித்துத்தான் எல்லோரும் கடையைத் தேர்ந்தெடுக்கிறோம். கடைக்காரர் நம் போனின் பூட்டைக் கேட்கிறாரா என்று பார்ப்பவர்கள் குறைவு. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

மாமியின் போன் திடீரென்று சூடாகத் தொடங்கியது. திரை முழுவதும் விளம்பரங்கள் வந்து மறைத்தன. நகருக்குள் முதலில் போன கடையில், பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒன்பது புள்ளிகள் அச்சிட்டிருந்தார்கள். திறக்கும் கோலத்தை அதில் வரைந்து தரச் சொன்னார்கள். வரைந்த சீட்டுகளை அந்தந்தப் போனின் முதுகில் ஒட்டித் தட்டு ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த மேசைக்கு வருகிற எவரும் எதையும் திறக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டில் ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டைப் பார்த்தால் நம்ப முடியாது. போனை வாங்கிக்கொண்டு வெளியேறினோம்.

அதன்பிறகு போனதுதான் ஆரியகுளம் சந்திக்கு அருகே இருக்கும் இந்தச் சிறிய கடை. கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார்; ஒற்றை ஆளாக இருப்பதால் கூட்டம் கூடினால் சமாளிக்க முடியாதாம்.

"பூட்டைச் சொல்ல வேண்டாம் அம்மா. நீங்களே திறந்து தாருங்கள். நான் செய்வதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார் அந்தத் தம்பி. முதல் வேலையாக டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தினார். பிறகு அமைப்புகளுக்குள் போய் 'அணுகல்தன்மை' என்ற பகுதியைத் திறந்தார். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்கான இடம் அது. அங்கே 'சிஸ்டம் அப்டேட்' என்ற பெயரில் ஒரு செயலி முழு அனுமதியுடன் உட்கார்ந்திருந்தது. முகப்புத் திரையில் அதற்குப் படக்குறியே இல்லை. இந்த அனுமதியைப் பெற்ற செயலி திரையில் தெரிகிற எதையும் வாசிக்கும், நமக்காகப் பொத்தானையும் அழுத்தும் என்று அவர் விளக்கினார். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் திரையில்தானே வருகிறது! கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது.

எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கலியாண அழைப்பிதழ் என்று மாமி சொன்னார். படமும் இல்லை, பிடிஎஃப் கோப்பும் இல்லை. நிறுவும்படி கேட்ட ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்ட் போனில் செயலியைப் போடும் கோப்பு. அழைப்பிதழை எவரும் போனில் நிறுவ வேண்டியதில்லை என்பதை அவர் மாமியிடம் பொறுமையாக, குற்றம் சொல்லாமல் எடுத்துச் சொன்னார். 2022இல் வந்த ஆண்ட்ராய்ட் 13 முதல், இப்படி வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி தடை போட்டிருக்கிறார்கள். மாமியுடையது ஆண்ட்ராய்ட் 10.

அனுமதியை நிறுத்தப் போனால் அந்தப் பக்கமே தானாக மூடிக்கொண்டது. நாம் போட்ட செயலிகள் இயங்காத பாதுகாப்புப் பயன்முறையில் (Safe mode) போனைத் திறந்துதான் அந்தச் செயலியை நீக்கினார். அதோடு விடவில்லை. என் போனிலிருந்து வங்கியை அழைக்கச் சொன்னார், கடவுச்சொற்களை மாற்ற வைத்தார், படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்தார். நல்ல வேளை, பணம் எதுவும் போகவில்லை.

செயலிகளை மீண்டும் போடும்போது ஒவ்வோர் அனுமதிக்கும் காரணம் கேட்டார். டார்ச் செயலிக்குத் தொடர்பு இலக்கங்கள் எதற்கு? நீக்கிவிட்டார், போனிலேயே டார்ச் இருக்கிறது. பஞ்சாங்கச் செயலி இருப்பிடம் கேட்டதை ஏற்றுக்கொண்டார். சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும், இராகு காலக் கணிப்பும் அதோடு மாறும், கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றார். அதற்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்றே அனுமதி கொடுத்தார். இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாவற்றுக்கும் பயமுறுத்துபவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

கொழும்பு பஸ்ஸிலும் ஹோட்டலிலும் இணைந்த கடவுச்சொல் இல்லாத வைஃபைப் பெயர்கள் என் போனில் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் அழிக்கச் சொன்னார். அதே பெயரில் வேறொருவர் ஒரு வைஃபையை வைத்தால் போன் தானாகவே போய் இணைந்துவிடும். இணையத்தளங்கள் பெரும்பாலும் தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் (HTTPS) முறையைப் பயன்படுத்துவதால் கடவுச்சொல்லை வழியில் படிப்பது கடினம்தான். ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை அறியலாம், போலிப் பக்கத்துக்கும் திருப்பிவிடப் பார்க்கலாம்.

இவ்வளவு தெரிந்தவரின் கடைச் சுவரிலேயே வைஃபைக் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிய ஒட்டப்பட்டிருக்கிறது. பற்றுச்சீட்டு அடிக்கும் கணினியும் அதே இணைப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குத் தனி இணைப்பை அந்த ரௌட்டரிலேயே உருவாக்கலாம் என்று சொன்னேன், செய்கிறேன் என்றார். அண்மையில் போனபோதும் அதே தாள் அதே இடத்தில் இருந்தது. இது சிறு குறை அல்ல, ஐந்தில் ஒரு நட்சத்திரத்தை இதற்காகவே குறைக்கிறேன்.

வாங்கியது 1,500 ரூபாய். உட்கார இரண்டு முக்காலிகள்தான், மத்தியானத்தில் வெக்கை தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. காத்திருக்கும் நேரத்தில் உங்கள் சொந்த டேட்டாவையே பயன்படுத்துங்கள்.