எல்டன் ரிங்: வழி மறிக்கும், வழியும் விடும்

எல்டன் ரிங்கை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அவ்வளவு கடினமாமே, என்னால் முடியுமா?" ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த இந்த கேமில், எளிது, கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியே கிடையாது. வந்த புதிதில் தொடங்கி இன்றுவரை, பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் நேரத்தில், பிளேஸ்டேஷன் 5-இல் விளையாடி வருகிறேன். முடியும் என்பதே என் பதில். கைவேகம் குறைந்தவர்களுக்கும் முடியும்.

தொடக்கக் குகையிலிருந்து லிம்கிரேவ் புல்வெளிக்கு வெளியே வந்ததுமே, பொற்கவசம் பூண்ட ட்ரீ சென்டினல் குதிரையில் ரோந்து வருவது தெரியும். புதியவர்களை அவன் ஓரிரு அடியில் சாய்த்துவிடுவான். ஆனால் அவனோடு மோத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓரமாக ஒதுங்கிப் போய், சுற்றித் திரிந்து வலுப்பெற்ற பிறகு திரும்பி வந்து கணக்குத் தீர்க்கலாம். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் வழிமறிக்கும் மார்கிட்டும் அப்படியே. அவனிடம் தோற்றுச் சலித்தால், கோட்டையின் பக்கவாட்டில் பாறையை ஒட்டி ஓர் உடைந்த பாதை இருக்கிறது. அதில் போனால் கோட்டைக்குள் நுழையாமலே லியூர்னியா ஏரிப்பகுதியை அடைந்துவிடலாம். கடினமான கேம்கள் எத்தனையோ உண்டு. முட்டி நிற்கும் இடத்தில் எல்லாம் இன்னொரு பாதையை வைத்திருப்பதுதான் இதன் பெருமை.

அந்தப் பாதைகள் சில எங்கே கொண்டுபோய்விடும் என்று சொல்லி முடியாது. மிஸ்ட்வுட் காட்டுக்குள் வட்டமான ஒரு கல் கட்டடம் இருக்கிறது. நடுவிலுள்ள தட்டில் கால் வைத்ததும் லிஃப்ட் இறங்கத் தொடங்கும். இதோ நின்றுவிடும் என்று நினைக்க நினைக்க இறங்கிக்கொண்டே இருக்கும். சட்டென்று சுவர் விலகி, பூமிக்கு அடியில் ஊதா நிறத்தில் ஒரு வானம் விரியும், நட்சத்திரங்களோடு. அதன் கீழே இடிந்த தூண்களுக்கு நடுவே ஓடுவது சியோஃப்ரா ஆறு. அங்கே போ என்று வரைபடத்தில் எந்த அம்புக்குறியும் காட்டியிருக்காது. நாமே போய்க் கண்டது என்ற நிறைவு வேறு எந்த கேமிலும் எனக்கு இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை.

புதியவர்களுக்கு ஓர் ஆலோசனை: ரூன்தான் இங்கே பணம், லெவல் ஏற்றுவதும் அதை வைத்துத்தான். செத்தால் அத்தனையும் விழுந்த இடத்திலேயே கிடக்கும், எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போயே போய்விடும். எனவே பாஸ் (பகுதியைக் காக்கும் பெரிய எதிரி) இருக்கும் அறைக்குள் நுழையும் முன் செலவழித்துவிடுங்கள். முதலில் விகரை, அதாவது உயிரின் அளவைக் கூட்டும் பண்பை, ஏற்றுங்கள். உயிர் நீண்டால்தான் எதிரி எப்படி அடிக்கிறான் என்று பார்க்கவே அவகாசம் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. வீட்டில் விளையாடுபவர்களுக்குப் பெரிய தொல்லை, ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லாததுதான். அழைப்பு மணி அடித்தாலும் எதிரி நிற்கமாட்டான். உபகரணத் திரையைத் திறந்து, உதவிப் பொத்தான் வழியாக மெனு விளக்கத்துக்குள் போனால் ஆட்டம் நிற்கும். இவ்வளவு சுற்றித்தான் நிறுத்த வேண்டும் என்பது நியாயமே இல்லை. துணைக் கதைகளைக் குறித்துவைக்க நாட்குறிப்பும் இல்லை. ஒருவர் ஏதோ சொல்லிவிட்டு மறைவார், பிறகு வேறொரு மூலையில் இருப்பார். 2022 மார்ச் அப்டேட்டுக்குப் பிறகு, சந்தித்தவர்களின் பெயராவது வரைபடத்தில் பதிகிறது. நான் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். பனிமலைப் பகுதிக்கு வந்த பிறகு பழைய பாஸ்களே திரும்பத் திரும்ப வருவதும் அலுப்புத் தருகிறது. பெரிய டிராகன்களோடு மோதும்போது கேமரா வயிற்றுக்கடியில் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று: பிளேஸ்டேஷன் 5 கன்சோலிலேயே பிளேஸ்டேஷன் 4 பதிப்பை ஓட்டினால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற வேகம்) ஆடாமல் நிற்கிறது. புல்லும் செடியும் கொஞ்சம் குறையும். சண்டையின் நடுவே அது யார் கண்ணிலும் படாது. சேமித்த ஆட்டத்தைப் பிறகு பிளேஸ்டேஷன் 5 பதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

2024 ஜூன் 21 அன்று வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' விரிவாக்கத்தில்தான் இப்போது இருக்கிறேன். அங்கே நாம் ஏற்கெனவே ஏற்றிய லெவல் மட்டும் போதாது. ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் தாக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும் கூடும். அதாவது அங்கும் ஊர் சுற்றுபவர்களே வலுப்பெறுகிறார்கள். ஆனால் மூல கேமில் வரும் ரடான், மோக் என்ற இரு பாஸ்களையும் வீழ்த்தாமல் அதற்குள் நுழையவே முடியாது. மோக்கின் இருப்பிடமோ மறைவான ஓரிடம். எனவே புதிதாக வாங்குபவர்கள் முதலில் மூல கேமை மட்டும் வாங்கினால் போதும். விரிவாக்கத்துக்கு அவசரமில்லை.