வாசலை அடைப்பதா, வலை போர்த்துவதா? தேனீப் பெட்டிகளோடு 500 கிலோமீட்டர்

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஜனவரி பிறந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துச் செந்தளிர் விடும் நேரம் அது. மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் பொடிப்பொடியாகச் சுரப்பிகள் இருக்கும். காலையில் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். பூவிலிருந்து வராத அந்தத் தேனுக்காக எட்டு வருடமாகக் கண்ணூர்ப் பக்கம் பெட்டி ஏற்றிப் போகிறேன். 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினாலும் கோழிக்கோட்டை நெருங்கும்போது விடிந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. தேனீக்கள் அடைந்த பிறகு வாசலை அடைத்து, மேல்மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலைச் சட்டம் பொருத்தி ஏற்றுவது ஒன்று. வாசலைத் திறந்தபடியே அடுக்கி, வண்டி முழுவதற்கும் வலை போர்த்துவது இன்னொன்று. கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்கு ஒரே டிரெய்லரில் 400 பெட்டிகளுக்கு மேல் ஏற்றிப் போகிறார்களே, அங்கே வலைதான் வழக்கம். நான் முதல் இரண்டு வருடம் வலை போட்டேன். பிறகு வாசலை அடைக்கும் முறைக்கு மாறினேன், இனி திரும்பப் போவதில்லை.

தேனை எடுத்துவிட்டு ஏற்றுவது, பெட்டிக்குள் தேனடை தொங்கும் சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு நீளவாக்கில் இருக்கும்படி அடுக்குவது, கயிற்றை இறுக்கிக் கட்டுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. வலை முறையில் வேலை குறைவு, காற்றோட்டம் அதிகம். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் வரை அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வண்டி எங்காவது நிற்கும். இரண்டாம் வருடம் சாலை வேலை நடந்த இடத்தில் காலை ஏழு மணிக்கு மாட்டிக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. வெளிச்சம் பட்டதும் தேனீக்கள் வெளியே வந்து, வலையின் உள்பக்கம் கொத்துக்கொத்தாகத் தொங்கின. தோட்டத்தில் இறக்கியபோது அவை தங்கள் பெட்டியைத் தேடவில்லை, கிட்டத்தில் இருந்ததில் புகுந்தன. ஓரத்துப் பெட்டிகளில் வாசல் கொள்ளாத கூட்டம். சிலவற்றில் சண்டை வந்து அடிப்பலகை முழுக்கச் செத்த தேனீ. நடு வரிசையைத் திறந்தால் ராணியும் இளம் தேனீக்களும் மட்டும்தான்.

இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வெளியே வந்து தொங்குபவை பெரும்பாலும் மேயப் போகும் மூத்த தேனீக்கள். அவை போய்விட்டால், அந்தப் பெட்டியில் இன்று இடும் முட்டை தேனீயாக ஏறத்தாழ மூன்று வாரம். அது மேயப் போக இன்னும் இரண்டு, மூன்று வாரம். தளிர்த் தேன் வரத்தே எனக்கு ஆறு, ஏழு வாரம்தான் கிடைக்கிறது. அதாவது, இறக்கிய அன்று பலமில்லாத பெட்டி அந்தப் பருவத்துக்கே இல்லை. போதாக்குறைக்கு நம் இந்தியத் தேனீ நொந்துபோனால் கூட்டையே விட்டுவிட்டு ஓடிவிடும். நடு வரிசையில் நாலு பெட்டி அப்படிக் காலியானது.

சரி, அடைத்துப் போனால் ஆபத்தே இல்லையா? உண்டு, அதன் பெயர் வெக்கை. புழு அறையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கும். காற்றில்லாமல் அடைத்தால் பதறி விசிற ஆரம்பிக்கும், அந்த விசிறலே சூட்டை இன்னும் ஏற்றும். மாறிய முதல் வருடம் வலைச் சட்டம் போதாமல் ஆறு பெட்டிகளைப் பழைய மூடியோடே ஏற்றினேன். அவற்றில் இரண்டைத் தட்டிப் பார்த்தபோது இரைச்சலே இல்லை. உள்ளே தேனீக்கள் நனைந்தது போல, கறுத்துப் பளபளவென்று குவிந்து கிடந்தன. அடைகள் தொய்ந்து சரிந்திருந்தன. இன்றும் அந்தப் பெட்டிகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

அப்புறம் விதியாகவே வைத்துக்கொண்டேன்: அங்குலத்துக்கு எட்டுக் கண் உள்ள கம்பிவலை இல்லாமல் ஒரு பெட்டியும் வண்டி ஏறாது. மேலே அடுக்கும் பெட்டிக்கும் கீழ்ப்பெட்டியின் வலைக்கும் நடுவே இரண்டு ரீப்பர் கட்டை. தார்ப்பாய் கிடையாது. விடிந்தபின் நின்றால் நிழலில் நிறுத்தி, தெளிப்பானால் வலைமேல் லேசாகத் தண்ணீர். தேனீக்கள் அதை நக்கி அடங்கும் சத்தம் காதுக்கே தெரியும். அதற்குப் பிறகு வெக்கையில் ஒரு பெட்டியும் போகவில்லை.

இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நண்பர் ஒருவரின் பெட்டிகளோடு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். பெட்டியும் பெரிது, கூட்டமும் பெரிது, சூடும் அதற்கேற்ப ஏறும். அவற்றுக்கு வலையே சரியாக இருக்கலாம். 100 கிலோமீட்டருக்குள் புனலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் இவ்வளவு யோசனை தேவையில்லை, விடிவதற்குள் இறக்கிவிடலாம்.

இறக்கியதும் உடனே வாசலைத் திறக்காமல், இரைச்சல் தணியக் கால் மணி நேரம் விடுகிறேன். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகத் திறந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு இலைக்கொத்தைச் சாத்தி வைக்கிறேன். வெளியே வரும் தேனீ அதில் தடுமாறி நின்று, பெட்டியைப் பார்த்தபடியே இரண்டு மூன்று வட்டம் சுற்றிவிட்டுத்தான் தளிருக்குப் போகிறது.