கவிழ்ப்பது சரி, அடுத்தது யார்?

1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் மக்களவையில் நம்பிக்கை வாக்கு கேட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டில் ஆட்சி போனது. ஆனால் மாற்று அரசு அமைக்க 272 பேரைத் திரட்ட சோனியா காந்தியால் முடியவில்லை. மக்களவை கலைந்தது. கார்கில் போரையே ஒரு காபந்து அரசுதான் நடத்த வேண்டியிருந்தது. தேர்தல் முடிந்து அக்டோபரில் திரும்பவும் வாஜ்பாயே பிரதமரானார்.

நம் முறையில் எனக்கு உறுத்துவது இதுதான். 'இவர் வேண்டாம்' என்பவர்கள் ஒன்றுசேர்ந்தால் போதும். 'அவர் வரட்டும்' என்று ஒரே பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் அந்தப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். அந்நாட்டு அரசியல் சாசனமான 1949 அடிப்படைச் சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி, புதிய சான்சலரை (நம் பிரதமர் போன்றவர்) பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பழையவரை நாடாளுமன்றம் நீக்க முடியும். ஹிட்லர் ஆட்சிக்கு முந்தைய வைமார் குடியரசுக் காலத்தில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து எதிர்த்தே அரசுகளை முடக்கினார்கள். சேர்ந்து ஆள அவர்களால் முடியாது. அந்தச் சூட்டில் பிறந்த விதி இது. 1972இல் சான்சலர் பிராண்ட்டை நீக்க 249 ஓட்டு தேவைப்பட்டது, எதிர்த்து நின்ற பார்சல் என்ற தலைவருக்குக் கிடைத்தது 247. பிராண்ட் தப்பினார். 1982 அக்டோபர் 1 அன்று அதே விதிப்படி சான்சலர் ஷ்மிட் போய் கோல் வந்தார். நாட்டின் தலைமை ஒரு நாள்கூடக் காலியாக இல்லை.

தேர்வும் அங்கே கறார்தான். 2025 மே 6 அன்று சான்சலர் பதவிக்கு நின்ற மெர்ட்ஸுக்கு முதல் சுற்றில் 310 ஓட்டுதான், தேவை 316. இரண்டாம் சுற்றில்தான் ஜெயித்தார். இங்கேயோ குடியரசுத் தலைவர் முதலில் பிரதமரை நியமிப்பார், பலத்தை அப்புறம் நிரூபிக்கலாம். 1996இல் வாஜ்பாய் 13 நாள் பிரதமராக இருந்தது அப்படித்தான்.

பிரிட்டன் வேறு வழி. 1979இல் காலகன் 311-310 என்று தோற்றபின் எந்தப் பிரதமரும் சபையில் தோற்றுப் பதவி இழக்கவில்லை. தாட்சர், ஜான்சன், டிரஸ் எல்லோரையும் இறக்கியது சொந்தக் கட்சி. வேகமான வழிதான். ஆனால் டிரஸைத் தேர்ந்தெடுத்தது சுமார் 81,000 கட்சி உறுப்பினர்களின் ஓட்டு. 6 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டுக்கு இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மன் முறையிலும் ஒரு குறை உண்டு: பெரும்பான்மை இழந்தவர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தபின் அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் பல மாதம் சிறுபான்மை அரசைத்தான் நடத்தினார். இருந்தாலும் என் ஓட்டு அந்த முறைக்கே. வெங்கடாசலையா தலைமையிலான அரசியல் சாசன மறுஆய்வு ஆணையமும் 2002இல் மாற்றுத் தலைவர் பெயரோடு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் விதியாகவில்லை.