தோலகட்டி நெல்லி ரசமும் திராட்சை ரசமும்: எதை வாங்கலாம்?

யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் கத்தோலிக்கத் துறவிகளின் ஆச்சிரமம் ஒன்று இருக்கிறது. அவர்கள் செய்து விற்கிற, தண்ணீர் கலந்து குடிக்கும் பழரசங்களைப் பற்றித்தான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்லி ரசம் கட்டாயம் வாங்குங்கள். திராட்சை ரசம் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரி. அவர்களுடைய வைன் கதை வேறு, கடைசியில் வருகிறேன்.

எங்களுடையது சைவ வீடு. வெள்ளிக்கிழமையில் முட்டைகூட அடுப்படிக்குள் வராது. ஆனாலும் இந்தத் துறவிகள் செய்த நெல்லி ரசம் ஒரு போத்தல் அலுமாரியில் எப்போதும் இருக்கும். வெயிலில் யாராவது வந்தால் அம்மம்மா முதலில் எடுப்பது அதைத்தான். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தத் துவர்ப்பு. நெல்லியைக் கடித்தால் முதலில் வாயைக் கூட்டி, பிறகு தண்ணீர் குடிக்கும்போது இனிக்குமே, அது இந்த ரசத்திலும் தெரிகிறது. நெல்லி என்று பெயர் போட்டு விற்கிற எத்தனையோ பானங்களில் சீனிப்பாகும் பச்சைச் சாயமும் தவிர வேறொன்றும் நாக்குக்குத் தட்டுப்படுவதில்லை. இனிப்பு இதிலும் கூடத்தான், மறைக்கவில்லை. நான் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போடுவேன். தேசிக்காய் பிழிய வேண்டாம், இரண்டு புளிப்பும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சரிவராது. என் வீட்டுக்காரருக்கு உப்பில் ஊறிய நெல்லிக்காயோடு சரி.

அடியில் மண்டி நிற்கிறதே, பழசோ என்று ஆச்சிரமத்து விற்பனை இடத்தில் கேட்டேன். அங்கே நின்ற சகோதரர் மெதுவாகச் சிரித்தார். “குலுக்கிப்போட்டு ஊத்துங்கோ அம்மா. அடியில நிக்கிறதுதான் நெல்லி.” அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வாங்கு வாங்கு என்று நெருக்கவும் இல்லை.

அவர்கள் அதிகம் பேசாததற்குக் காரணம் உண்டு. இவர்களுடைய செபமாலைத் தாசர் சபை, ஆங்கிலத்தில் ரொசேரியன்கள், தியான வாழ்வுக்கென்றே தொடங்கப்பட்ட சபை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் இறங்கிய மிஷன் சபைகளைத்தான் யாழ்ப்பாணம் அதிகம் கண்டிருக்கிறது. இவர்கள் மதிலுக்குள்ளே இருந்து செபமும் மௌனமும் உடலுழைப்புமாக வாழ்கிறவர்கள். சபையைத் தொடங்கியவர் தோமஸ் அடிகள். 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர். அந்தச் சபையின் ஐரோப்பிய மிஷனரிமார் இலங்கைக்கு வந்தது 1847இல். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1926இல் எழுதிய சுற்றுமடலில், மிஷன் நாடுகளில் உள்ளூர்க் குருமார் வளர வேண்டும், தியான மடங்களும் அங்கே வேர்விட வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்போது யாழ்ப்பாணத்து ஆயராக இருந்தவர் பிரெஞ்சுக்காரரான கியோமர் ஆண்டகை. ஐரோப்பாவிலிருந்து ஒரு மடம் வந்து சேரட்டும் என்று காத்திருக்காமல், 1928 பெப்ரவரியில் தோலகட்டியில் நம்மவர்களைக் கொண்டே தொடங்கிவிட்டார்கள். தோமஸ் அடிகள் 1964இல் காலமானார். இப்போது அவருக்குப் புனிதர் பட்டம் கேட்கும் முயற்சி நடக்கிறது. போத்தலை அறிந்த அளவுக்கு இந்த மனிதரை எங்கள் ஆட்கள் அறியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஐரோப்பியர் இல்லாமல் நம் பக்கத்து ஆட்களே நடத்திய சபை என்றால் இன்னும் பின்னாலும் போகலாம். 1687இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் ஐரோப்பியர் அல்லர். கோவாக்காரர். அங்கே கோவாக் குருமார் தாங்களே சேர்ந்து நடத்திய ஓரட்டோரியன் சபையைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரில் ஒளிந்திருந்து பணி செய்தார் என்பது இங்கே சைவக்காரருக்கும் தெரிந்த கதை. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

சரி, திராட்சைக்கு வருவோம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் பந்தல் போட்டு, கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்க்கிற கறுப்புத் திராட்சையைத் தின்றவர்களுக்கு அதன் புளிப்புத் தெரியும். திராட்சை ரசத்தில் அந்தப் புளிப்பு அடங்கி, இனிப்பு மேலே நிற்கிறது. பேரப்பிள்ளைகள் ஐஸ் போட்டு அடித்துப் பிடித்துக் குடிக்கிறார்கள். எனக்கு அரைக் கிளாசோடு போதும்.

வைன் நான் குடிப்பதில்லை. கனடாவிலிருந்து வந்த அத்தான் குடித்துப் பார்த்து, சாப்பாட்டோடு குடிக்க இனிப்புக் கூட, சாப்பிட்ட பிறகு ஒரு சின்னக் கிளாஸ் என்றால் நல்லது என்றார். பூசைக்குப் பாவிக்கும் வைன் திராட்சையிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். துறவி மடங்கள் வைன் செய்யக் கற்றுக்கொண்டதற்கு அது ஒரு காரணம், உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற அவர்களுடைய பழைய ஒழுங்கு மற்றக் காரணம். உள்ளூர் வைன்தானே என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு அத்தானின் பதில்: “அங்க கடையில காசு குடுத்து வாங்கினதில இதைவிட மோசமானது எத்தனையோ.”

எங்கே வாங்குவது? முடிந்தால் தோலகட்டிக்கே போங்கள். 1990இல் போரால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, தோலகட்டி இருக்கிற வசாவிளான் பக்கம் ஆண்டுக்கணக்கில் தலைகாட்ட முடியாமல் இருந்தது. இப்போது அச்சுவேலியிலிருந்து போய்விடலாம். கொழும்பில் ஒரு கடையில் நான் வாங்கிய நெல்லி ரசம் கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டு நின்றது போலும், நிறம் கறுத்து மணமும் மாறியிருந்தது. மாற்றித் தரச் சொன்னேன், கடைக்காரர் கேட்கவேயில்லை. ஆகவே எங்கே வாங்கினாலும் நிழலில் வைத்த போத்தலாகப் பார்த்து, திகதியையும் பாருங்கள். விலை எழுதவில்லை, இந்த நாட்டில் நான் எழுதி நீங்கள் வாசிப்பதற்குள் மாறிவிடும்.

திறந்த பிறகு ஃபிரிஜ்ஜில் வையுங்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிப் பெரிய சூட்கேசுக்குள் துணிக்கு நடுவே வைத்துவிடுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், 100 மில்லிலீட்டருக்கு மேல் விடுவதில்லை.