சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாடு: பினாங்கில் ஏறுவதா, கேஎல்ஐஏ-வில் ஏறுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்நாடு போக, பினாங்கு–சென்னை, கேஎல்ஐஏ (கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம்)–திருச்சி என்ற இரண்டு வழிகளைப் பார்ப்போம். வான்வழியில் முதலாவது சுமார் 2,365 கிமீ, இரண்டாவது சுமார் 2,690 கிமீ. இந்த 325 கிமீ வித்தியாசம் விமானத்துக்குச் சுமார் அரை மணி நேரம்தான். முன்னது ஏறத்தாழ மூன்றரை மணி, பின்னது நான்கு மணி. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடம்பை வாட்டுவது இரு முனையிலும் உள்ள தரைப் பயணம்தான்.

டிக்கெட்டில் இருக்கும் மணிகள் அந்தந்த ஊர் நேரம். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 9:00 புறப்பாடு, 10:30 வருகை என்றிருந்தால் பயணம் ஒன்றரை மணி நேரமல்ல, நான்கு மணி. திரும்பும்போது அதே நான்கு மணி, ஆறரையாகத் தெரியும்.

பினாங்குக்குக் காரில் சுமார் 140 கிமீ. கோலகங்சாரில் ஹைவே ஏறி, பத்து காவானில் திரும்பி, இரண்டாம் பாலத்தில் போங்கள். 24 கிமீ நீளப் பாலம், பத்து மாவுங்கில் இறங்கும். விமான நிலையம் அங்கிருந்து பக்கம். பழைய பாலம் குளுகோரில் விடும். தீவுக்குள் மாலை நெரிசலில் சிக்கினால் இரண்டு மணிப் பயணம் மூன்றாகும்.

கேஎல்ஐஏ ஏறத்தாழ இரு மடங்கு தூரம், மூன்றரை மணி. தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில் சிலிம் ரிவர்–தஞ்சோங் மாலிம் பகுதியில் வாகனம் நகராது. அப்போது இடிஎஸ் என்னும் மின்சார ரயில்தான் நல்லது: சுங்கை சிப்புட்டில் ஏறி கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் முதல் முனையம் 28 நிமிடம், இரண்டாவது 33. ஏர் ஏசியா இரண்டாம் முனையம், பாத்திக் ஏர் முதல் முனையம். மாறி இறங்கிவிட்டால் பதறாதீர்கள், அதே தடத்தில் மூன்று நிமிடம்தான். ஆனால் பெட்டி போடும் கவுண்டர் விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அந்தக் கணக்கோடு கிளம்புங்கள்.

இனி அந்தக் கரை. உறவுகள் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் என்றால் பினாங்கு–சென்னையே சரி. நாமக்கல், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்றால் தயங்காமல் கேஎல்ஐஏ–திருச்சி. சென்னையில் இறங்கித் திருச்சிக்கு இன்னும் 330 கிமீ சாலையில் போவது, வயதான அம்மா அப்பாவுக்குத் தண்டனை. சேலம்காரர்களுக்கும் திருச்சிதான் கிட்டம்: சுமார் 140 கிமீ; சென்னையிலிருந்து 340. விழுப்புரத்துக்கு எது என்றாலும் ஒன்றே.

ஈப்போவில் ஏறி சிங்கப்பூர் வழியாகப் போவது, மேற்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே போவது. டோலும் கார் ஓட்டமும் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதலாவது தாமதமாகும்போது இரண்டாவது டிக்கெட் வீண்.

நள்ளிரவு விமானத்தில் தேதியைக் கவனியுங்கள். 15-ஆம் தேதி 00:30 என்றால், 14-ஆம் தேதி மாலையே சுங்கை சிப்புட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும்.