மதுரைப் பக்கத்து மோட்டார் கிளப்: சில வருட உறுப்பினர் அனுபவம்

கிளப்பில் சேரலாமா, கட்டுகிற சந்தாவுக்குத் தகுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வண்டி ஓட்டாத ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்களா? வருவேன் என்றால் தாராளமாகச் சேரலாம். ஓட்ட மட்டும்தான் வருவேன் என்பவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதில்லை. கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், வங்கி ஊழியர், இன்ஜினியரிங் மாணவர்கள், ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஒருவர் என்று எங்கள் கூட்டம் ஒரு கதம்பம். மேம்பாலத்தில் பைக் முறுக்க ஆள் சேர்க்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை. அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு இருக்கிறது. முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் வாய்ப்பு உண்டு.

பெரும்பாலும் நடப்பது இரண்டு விஷயங்கள்: சாலையில் நேரக் கணக்கு வைத்து ஓட்டுகிற டிஎஸ்டி (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ்) ராலி, மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டுகிற ஆட்டோகிராஸ்.

சேர்ந்த புதிதில் எல்லோரும் ஆட்டோகிராஸுக்குத்தான் ஆசைப்படுவார்கள். டிஎஸ்டிதான் கஷ்டம் என்பது போகப் போகத் தெரியும். நேரம், வேகம், தூரம் மூன்றையும் வைத்து ஆடுகிற கணக்கு அது. சட்டம் அனுமதிக்கிற வேகத்துக்குள், சாதாரணச் சாலையில் ஓட்ட வேண்டும். கையில் ரோடு புக் தருவார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் தூரமும் அம்புக்குறி போட்ட சின்னப் படமும் இருக்கும். ஒரு பகுதிக்குச் சராசரி வேகம் 36 என்று போட்டிருந்தால் கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. 40 என்றால் 90. எந்த இடத்தில் நேரம் குறிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வளைவு தாண்டிப் புளியமரத்தடியில் மார்ஷல், அதாவது நிகழ்ச்சியைக் கண்காணிக்கிற நம்ம ஆள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் விதிப்படி தாமதமாக வந்தால் விநாடிக்கு ஒரு புள்ளி அபராதம், முன்னதாக வந்தால் இரண்டு. ஆகவே வேகமாகப் போய்ப் பேர் வாங்க இதில் வழியே இல்லை.

இதில் டயர் செய்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 185/65 ஆர்15 டயரின் ஆரம் சுமார் 310 மில்லிமீட்டர். ஓடித் தேய்ந்து பட்டன் 6 மில்லிமீட்டர் குறைந்தால் ஆரத்தில் கிட்டத்தட்ட 2 சதவீதம் போய்விடும். ஓடோமீட்டர் 50 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 49-தான் ஓடியிருக்கும். 36 சராசரியில் அந்த ஒரு கிலோமீட்டர் 100 விநாடி. அதனால்தான் ராலியின் தொடக்கத்தில் சில கிலோமீட்டரை மீட்டர் சரிபார்க்கவே ஒதுக்குகிறார்கள். ரோடு புக் போட்ட காருக்கும் நம் காருக்கும் எத்தனை வித்தியாசம் என்று, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற நேவிகேட்டர் அங்கேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். நல்ல நேவிகேட்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நல்ல ஓட்டுநர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

பாதை போடுவது அதைவிடப் பெரிய வேலை. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் அறுவடை நேரத்தில் சாலையில் பாதி நெல் காயும். ஆட்டுக் கிடை குறுக்கே வரும். மதுரையிலிருந்து தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூனிலும் அகல ரயில் பாதை திறந்தது. அதிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிளைச் சாலைகளில் எங்கே கேட், எங்கே சுரங்கப்பாதை என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருக்கிறது. கேட் மூடிவிட்டால் அத்தனை பேர் கணக்கும் போச்சு. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ரோடு புக்கை விரித்து வைத்து நின்றிருந்தோம். பெரியவர் ஒருவர் வந்து, "என்ன தம்பி, ரோடு அளக்க வந்திருக்கீகளா? எங்க தெருவுக்கும் சேத்துப் போடுங்க" என்றார். ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாமல் நின்றோம்.

ஆட்டோகிராஸ் திறந்த மைதானத்தில் கூம்பு வைத்து, ஒரு நேரத்தில் ஒரே கார் ஓட்டுவது. கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். இங்கே மண்ணைப் பொறுத்துத்தான் எல்லாமே. அழகர்கோவில், மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை கலந்திருந்தால் டயர் பிடிக்கும். கார் எப்போது வழுக்கப் போகிறது என்று முன்பே தெரியும். திருமங்கலத்துக் கரிசல் காய்ந்திருந்தால் தூசி கண்ணை மறைக்கும், ஒரு தூறல் விழுந்தால் சக்கரத்துக்கு மேலே களியாய் அப்பிக்கொள்ளும். அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காருக்கு ஆகிற சேதத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. முன்சக்கர டயரின் வெளித் தோள் பிய்ந்துபோகும், ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபடும், கிளட்ச் சீக்கிரம் போகும். தினமும் அலுவலகம் போகிற காரில் ஆட்டோகிராஸ் வேண்டாம் என்பேன். பழைய ஹேட்ச்பேக் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் வீட்டிலும் சண்டை வராது.

மார்ஷல் வேலையில் நான் கற்றது ஓட்டிக் கற்றதைவிட அதிகம். ஒரே வளைவில் காலை முழுக்கக் கொடியோடு நின்றால், யார் முன்கூட்டி பிரேக் பிடிக்கிறார்கள், யார் பதறி ஸ்டீயரிங்கை ஒடிக்கிறார்கள் என்று அப்பட்டமாகத் தெரியும். வெயில்தான் கொடுமை. மார்ஷல் இல்லாமல் நிகழ்ச்சி நடக்காது என்பதால், ஒரு நிகழ்ச்சியில் நின்றால்தான் அடுத்ததில் ஓட்டலாம் என்று எங்கள் கிளப் விதி வைத்தது. சிலர் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். என்னைக் கேட்டால் கிளப் போட்ட உருப்படியான விதி அது ஒன்றுதான்.

குறைகளும் இருக்கின்றன. தை மாதம் ஜல்லிக்கட்டு, சித்திரையில் திருவிழா, ஐப்பசியில் மழை. இதெல்லாம் போக மிஞ்சுகிற மாதங்களில்தான் நிகழ்ச்சி. மைதானம் தருகிறேன் என்ற கல்லூரி ஒன்று முதல் நாள் சாயங்காலம் கைவிரித்தது. வாடகைக்கு எடுத்த கூம்பும் கொடியும் டெம்போவிலேயே கிடந்தன. முடிவு அறிவிப்பதில் இன்னும் இழுவை. ஸ்டாப்வாட்ச் குறிப்புகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதைவிடப் பெரிய குறை, பெண்கள் சேருகிறார்கள், தங்குவதில்லை. மைதானத்தில் ஒரு கழிவறைகூட ஏற்பாடு செய்யாமல் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன அர்த்தம்? கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் பேசுகிறோம். பேச்சோடு சரி.

மதுரையில் பந்தயத் தடம் இல்லாததால், கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் சேர்ந்து கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போவோம். 2.1 கிலோமீட்டர் சுற்று. தேசிய அளவுப் போட்டிக்கு, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தருகிற லைசென்ஸ் வேண்டும். நாங்கள் போவது பயிற்சிக்கு மட்டும். சாலைக் காருக்கு அங்கே முதலில் களைப்பது பிரேக். சில சுற்றிலேயே பெடல் மெத்தென்று இறங்க ஆரம்பிக்கும். அப்போது மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவிட வேண்டும். அதே காரில்தான் திண்டுக்கல் வழியாக வீடு திரும்ப வேண்டும் என்பதால் போகும் முன்பே பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, ஒரு செட் பிரேக் பேடும் டிக்கியில் போட்டுக்கொள்வோம்.